பட்டாளத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

சென்ற வாரம் பரங்கிமலைப் பட்டாளத்தைப் பார்த்தோம். அந்தப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன பிள்ளைகளின் கதை இந்த வாரம்.

வெள்ளைக்காரச் சிப்பாய் என்றதும் இங்கிலீஷ்காரன் என்று நினைத்துக்கொள்கிறோம். கும்பினிப் படையில் அயர்லாந்தின் ஏழைக் கத்தோலிக்கர்கள் ஏராளம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவு 1881இல் பம்பாய்ப் பிரிவோடு சேர்ந்தபோது, அதற்குக் கிடைத்த புதுப்பெயரே ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்! காலராவிலோ சண்டையிலோ தகப்பன் போய்ச் சேர்ந்தால், பிள்ளைக்கு அநாதை இல்லம்தான் கதி.

அந்நாளில் மெட்ராஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையும் ஐரிஷ்காரர்கள் கையில்தான். முதலில் டேனியல் ஓகானர், பிறகு ஃபென்னலி வீட்டு அண்ணன் தம்பி இருவர். தம்பி ஸ்டீபன் ஆயராக இருந்தபோது, 1875இல், புனித பேட்ரிக் சபையின் பிரதர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். அயர்லாந்தின் டல்லோ என்ற சிற்றூரில் 1808இல் தொடங்கிய சபை அது. இவர்கள் சாமியார்கள் அல்லர், பூசை வைக்கமாட்டார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பதற்கே துறவு பூண்டவர்கள்.

1880களில் பிரதர்கள் நடத்திய செயின்ட் பேட்ரிக்ஸ் அநாதை இல்லமும் பள்ளியும் அடையாற்றின் தென்கரையில் இருந்த எல்பின்ஸ்டன் பார்க் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. கவர்னர் எல்பின்ஸ்டன் பெயரிலேயே 1840இல் கட்டிய பாலம்தான் ஊரோடு தொடர்பு. அதைத் தாண்டினால் தோப்பும் வயலும். கிழக்கே சற்றுத் தள்ளி, 1882இல் வந்த பிரம்மஞான சபை. பின்னாளில் அங்கிருந்து ஹோம் ரூல் முழக்கமிட்ட அன்னி பெசண்ட்டின் உடம்பில் ஓடியதும் பெரும்பாலும் ஐரிஷ் ரத்தம்தான். ஒரே ஆற்றங்கரையில், ஒரு பக்கம் பேரரசின் சிப்பாய் விட்டுச்சென்ற பிள்ளை. இன்னொரு பக்கம் அந்தப் பேரரசையே கேள்வி கேட்ட அம்மையார். வரலாறு சில நேரம் குறும்பு செய்யும்.

‘மிஷனரிகள் நமக்காகப் பள்ளி கட்டினார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது வழக்கம். செயின்ட் பேட்ரிக்ஸ் நமக்காகக் கட்டப்பட்டதல்ல. பட்டாளம் போனது, சுதந்திரம் வந்தது. 1940களின் கடைசியில் பள்ளிக்குச் சொந்தமான பெரிய நிலப்பரப்பு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்குப் போய் காந்தி நகர் ஆனது. பிரதர்களின் பழைய நிலத்தில் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வீடு கட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களுக்குப் பள்ளி கூப்பிடு தூரம்.

ஆனால் தூரம் குறைந்தால் மட்டும் இடம் கிடைத்துவிடுமா? இங்கே என் கணிப்பில் அதிகம் பேசப்படாத ஒன்று, அரசியல் சாசனத்தின் 337ஆவது பிரிவு. செயின்ட் பேட்ரிக்ஸ் போன்ற ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கு அதுவரை கிடைத்துவந்த மானியம் பத்தாண்டுகளுக்குத் தொடரும், மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறையலாம் என்றது அது. கூடவே ஒரு நிபந்தனை: ஆண்டுதோறும் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீத இடம் மற்றச் சமூகத்தாருக்குத் திறந்திருக்க வேண்டும். மானியம் வற்றிக்கொண்டே போக, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேற, அந்த நாற்பது வளர்ந்தது.

2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் ஆங்கிலோ இந்தியப் பாடத்திட்டத்தையும் பொதுப் பாடத்திட்டத்தில் கரைத்தது. இன்று அந்தப் பெயர் பலகையில் மட்டும்.

அடுத்த வாரம் ஆற்றைக் கடந்து சாந்தோமுக்குப் போவோம். ஐரிஷ் ஆயர்களோடு மல்லுக்கு நின்ற போர்த்துக்கீசிய மறைமாவட்டம் 1907இல் தொடங்கிய செயின்ட் பீட்ஸ் அங்கே இருக்கிறது.

(தொடரும்)