லினக்ஸும் வைஃபையும்: பூட்டப்பட்ட ஆவணங்களின் காலம்

லினக்ஸ் இயங்கும் கணினியில் வைஃபை இணைப்பு கிடைக்காதபோது, கடவுச்சொல்லையோ ரூட்டரையோ ஆராயுமுன், பொருத்தப்பட்டுள்ள சில்லு எந்த நிறுவனத்தினுடையது, அதை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸின் மையநிரலான கெர்னலில் உள்ளதா, சில்லுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டதா என்று வரிசையாகச் சரிபார்ப்பது அனுபவமுள்ளோர் வழக்கம். சில்லு நிறுவனங்கள் தம் தொழில்நுட்ப ஆவணங்களைப் பூட்டிவைத்திருந்த காலமே இவ்வழக்கத்தின் வேர்.

தொடக்கம் நம்பிக்கையளிப்பதாகவே இருந்தது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் 1997-இல் வெளிவருவதற்கு முன்பே, ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் ஆதரவுடன் 1996 முதல் ழான் தூரில் உருவாக்கிவந்த ‘வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்’, கம்பியில்லாக் கருவிகளைக் கையாளும் பொது முறை ஒன்றை லினக்ஸுக்கு அளித்தது.

மடிக்கணினிகளில் வைஃபை சில்லு நிலையான உறுப்பாகத் தொடங்கிய 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இடர் முற்றியது. பிராட்காம் போன்ற நிறுவனங்கள் விண்டோஸுக்கு டிரைவர் தந்தனவேயன்றி, சில்லின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணங்களை வெளியிடவில்லை. அலைவரிசையையும் அலைபரப்பு ஆற்றலையும் மென்பொருளே தீர்மானிப்பதால், நிரலைத் திறந்து கொடுத்தால் பயனர்கள் வானொலி அலை விதிகளை மீறக்கூடும் என்பது அக்காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அக்காரணம் வலுவற்றது என்பதை இன்டெலின் அனுபவமே காட்டியது: 2006-இல் அதன் 3945 சில்லுக்கு, மூலநிரல் வெளியிடப்படாத துணைநிரல் ஒன்று கட்டாயமாக இருந்தது, விதிக் கட்டுப்பாடு ஃபர்ம்வேருக்குள் மாற்றப்பட்டபின், 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் அத்துணைநிரல் தேவைப்படாத டிரைவர் இடம்பெற்றது.

ஆவணம் கிடைக்காத சில்லுகளுக்கு இரு வழிகள் இருந்தன. என்டிஐஎஸ்ராப்பர் என்னும் இடைநிரல் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடச்செய்தது. இணைப்பு கிடைத்தது, ஆனால் பழுது நேர்ந்தால் அந்த விண்டோஸ் டிரைவரின் மூலநிரலைப் பார்த்துத் திருத்த வழியில்லை. மற்ற வழி கடினமானது, போற்றத்தக்கது. ஒரு குழு பிராட்காமின் டிரைவரை ஆய்ந்து சில்லின் நடத்தையை மட்டும் எழுத்தில் விவரிக்க, அந்த டிரைவரைக் கண்ணாலும் பாராத மற்றொரு குழு அவ்விவரணையைக் கொண்டே புதிய டிரைவரை எழுதியது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்ப்பதே இப்பிரிவினையின் நோக்கம். இவ்வாறு பிறந்த பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் 2006-இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. ஆயினும் ஃபர்ம்வேரைப் பகிர உரிமை இல்லாததால், பயனர் அதை விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து தாமே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாத கணினியில் டிரைவர் இருந்தும் இணைப்பு இராது.

டிவைஸ்கேப் நிறுவனம் வழங்கிய நிரலிலிருந்து வளர்ந்த மேக்80211 என்னும் பொது அடுக்கு 2007-இல் கெர்னலில் அமைந்தபின், ஒவ்வொரு டிரைவரும் 802.11 விதிகளைத் தனித்தனியே எழுதும் வீண் உழைப்பு குறைந்தது. ஏதெராஸ் என்னும் சில்லு நிறுவனம் 2008-இலும் பிராட்காம் 2010-இலும் திறந்த டிரைவர்களை வெளியிட்டன.

ஃபர்ம்வேரின் மூலநிரல் மட்டும் பெரும்பாலும் மூடியே இருந்தது. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகக் கொண்ட டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் அந்த ஃபர்ம்வேரைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காததால், இணையம் பெற ஃபர்ம்வேரும் ஃபர்ம்வேரைப் பெற இணையமும் தேவைப்படும் நிலை பல மடிக்கணினிகளில் நேர்ந்தது. டெபியன் உறுப்பினர்கள் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி இந்நிலையை மாற்றினர். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது.