மலை கொடுத்த எச்சரிப்பு

இறைவாக்கினர் எரேமியாவைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கியவர்கள் சொன்ன காரணம் நமக்கு நினைவிருக்கும். எருசலேம் வீழும் என்று அவர் கூறுவதால் படைவீரரின் மனம் தளர்கிறதாம். சொன்னது உண்மையா என்று எவரும் ஆராயவில்லை. கி.மு. 587இல் நகர் வீழ்ந்தது.

இதே குற்றச்சாட்டை நாம் இருபதாம் நூற்றாண்டிலும் காண்கிறோம். வட இத்தாலியின் வயோந்த் பள்ளத்தாக்கில், 260 மீட்டருக்கும் மேல் உயரமான அணையை ஒரு தனியார் மின் நிறுவனம் எழுப்பியது. அதனருகே நின்றது தோக் மலை. அது நிலையற்ற மலை என்று எர்த்தோ ஊர் விவசாயிகள் அஞ்சினார்கள். அவர்களின் அச்சத்தை 1959இல் செய்தித்தாளில் எழுதினார் தீனா மெர்லின் என்ற பெண் நிருபர். பொது அமைதியைக் குலைக்கும் பொய்ச்செய்தி பரப்பினார் என்று அவர்மீது வழக்குப் போட்டார்கள்.

1960 நவம்பர் 4 அன்று அம்மலையிலிருந்து சுமார் 7 லட்சம் கன மீட்டர் மண் நீர்த்தேக்கத்தில் சரிந்தது. அம்மாத இறுதியில் மிலான் நீதிமன்றம் மெர்லினை விடுதலை செய்தது. மலைச்சரிவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பும் தெரிந்தது. அணையை வடிவமைத்த பொறியாளரின் மகனே புவியியலாளராக ஆராய்ந்து, அங்கே மாபெரும் பழைய நிலச்சரிவு இருப்பதைக் கண்டறிந்திருந்தார். ஆயினும், நீர்மட்டத்தை மெல்ல ஏற்றியிறக்கி மலையைக் கட்டுப்படுத்தலாம் என்று பொறுப்பாளர்கள் நம்பினார்கள்.

1963 அக்டோபர் 9, இரவு 10:39 மணி. சுமார் 26 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் ஒரு நிமிடத்துக்குள் நீரில் விழுந்தன. அணையைத் தாண்டிப் பாய்ந்த வெள்ளம் லொங்கரோனே நகரைத் துடைத்தெடுத்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அணை மட்டும் இன்றும் நிற்கிறது.

ஏன் கேட்கவில்லை? கொட்டிய பணத்தையும் பெற்ற பெருமையையும் விட்டுவிட எவருக்கும் மனம் வராது. எச்சரிப்பவரால் ஆபத்து வரும் நாளைச் சொல்ல முடியாது. எனவே ஒன்றும் நடவாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அவரைப் பொய்யராக்குகிறது. மேலும், மெர்லின் எழுதியது கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழில். அவருக்குச் செய்தி தந்தவர்களோ பட்டம் பெறாத உழவர்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்குமுன், யார் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டார்கள்.

அன்பார்ந்தவர்களே, நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்? பள்ளிச் சுவரில் விரிசல் என்று ஓர் ஏழைத் தாய் சொன்னால், "இவளுக்கு என்ன தெரியும்?" என்கிறோம். ஆற்று மணல் போகிறது என்று ஓர் இளைஞன் சொன்னால், "ஊர்ப் பெயரைக் கெடுக்கிறான்" என்கிறோம்.

எரேமியாவைத் தூக்கிவிட்டவர் எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர். கயிறு உடம்பை அறுக்காதபடி, அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணிகளையும் இறக்கினார். எச்சரிப்பவரை நாம் ஒருவேளை முழுதும் நம்பாதிருக்கலாம். ஆனால் அவரைக் கிணற்றில் விடாமல், மேலே கொண்டுவந்து பேச விடுவோம். அவர் சொல்வது உண்மையா என்று நாமே போய்ப் பார்ப்போம்.