ஆங்கிலப் பெயரடையின் வரலாறு: விகுதியிலிருந்து சொல்வரிசைக்கு

இன்றைய ஆங்கிலத்தில் பெயரடை, ஒப்பீட்டு விகுதிகள் தவிர, எந்த விகுதியும் ஏற்பதில்லை. 'குட்' என்னும் சொல் ஆணுக்கு அடையானாலும் பெண்ணுக்கு அடையானாலும், ஒருமையோடு வந்தாலும் பன்மையோடு வந்தாலும் ஒரே வடிவில் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் (ஏறத்தாழ 450–1100) நிலைமை வேறு. அங்கே பெயரடை, தான் சார்ந்த பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இணங்கத் திரிந்தது. அந்த விகுதிகள் எவ்வாறு மறைந்தன, அவை ஆற்றிய பணிகள் எவற்றுக்குக் கைமாறின என்பதே ஆங்கிலப் பெயரடையின் வரலாறு.

பழைய ஆங்கிலத்தின் இருவகைத் திரிபு

பழைய ஆங்கிலத்தில் மூன்று பால்களும் இரண்டு எண்களும் ஐந்து வேற்றுமைகளும் இருந்தன. 'நல்ல மனிதன்' என்பது எழுவாயாக வந்தால் 'கோட் மன்', செயப்படுபொருளாக வந்தால் 'கோட்னே மன்', உடைமைப் பொருளில் 'கோடெஸ் மன்னெஸ்', கொடைப் பொருளில் 'கோடும் மென்'. இவற்றுள் முதல் இரண்டிலும் பெயர் மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எழுவாயா செயப்படுபொருளா என்று காட்டியது பெயரடையின் விகுதியே.

இது வன்திரிபு எனப்படும். சுட்டுச்சொல்லோ உடைமைச்சொல்லோ முன்னே வந்தால் பெயரடை மென்திரிபுக்கு மாறியது. 'அந்த நல்ல மனிதன்' என்பது 'செ கோடா மன்'. 'அந்த நல்ல மனிதனை' என்பது 'தோனே கோடன் மன்'. சுட்டுச்சொல்லே வேற்றுமையைக் காட்டிவிடுவதால் மென்திரிபில் விகுதிகளின் வேறுபாடு குறைவு. இந்த இரட்டை அமைப்பு ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்து. இன்றைய ஜெர்மன் மொழியிலும் ஐஸ்லாந்து மொழியிலும் அது நிலைத்திருக்கிறது.

விகுதிகளின் மறைவு

ஜெர்மானிய மொழிகளில் ஒலியழுத்தம் பெரும்பாலும் சொல்லின் முதலசையில் விழுகிறது. அழுத்தம் பெறாத இறுதியசைகள் காலப்போக்கில் தேய்ந்தன. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் விகுதிகளில் இருந்த அ, உ, எ போன்ற உயிர்கள் தம்முள் வேறுபாடு இழந்து ஒரே மங்கலான ஒலியாயின. இறுதி மகரம் னகரமாகி, பின்னர் அந்த னகரமும் உதிர்ந்தது. 'கோடும்', 'கோடன்', 'கோடா' என்று வேறுபட்டு ஒலித்தவை யாவும் 'கோடே' என்ற ஒரே வடிவில் வந்து முடிந்தன.

மக்கள் கலப்பும் இதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் சொற்களின் பகுதிகள் பல ஆங்கிலத்தை ஒத்திருந்தன, விகுதிகள் வேறுபட்டன. வட வட்டாரங்களில் விகுதிகள் முன்னதாகவும் தெற்கில் பிந்தியும் மறைந்தது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1066இல் நார்மானியர் நாட்டை வென்றபின் மேற்கு சாக்சன் எழுத்துமரபு செல்வாக்கிழந்தது. பேச்சில் முன்பே நிகழ்ந்துவந்த மாற்றங்கள் அதன்பின் எழுத்திலும் வெளிப்பட்டன.

1400இல் மறைந்த ஜெஃப்ரி சாசரின் லண்டன் ஆங்கிலத்தில் இந்த அமைப்பின் கடைசி எச்சத்தைக் காணலாம். மெய்யில் முடியும் ஓரசைப் பெயரடைகள் மட்டும் 'எ' விகுதியால் வேறுபாடு காட்டின. ஏதோவொரு முதியவர் என்றால் 'ஓல்ட்'. சுட்டோடு வந்தாலும் பன்மையானாலும் 'ஓல்டே'. அடுத்த நூற்றாண்டில் அந்த 'எ'யும் ஒலிப்பிலிருந்து நீங்கியது.

கைமாறிய பணிகள்

வன்திரிபும் மென்திரிபும் சேர்ந்து காட்டிய 'ஏதோவொன்று', 'குறிப்பிட்ட ஒன்று' என்ற வேறுபாட்டைச் சார்புச்சொற்கள் ஏற்றன. பழைய சுட்டுச்சொல்லின் பல வடிவங்கள் 'தி' என ஒன்றாயின. 'ஒன்று' எனப் பொருள்பட்ட 'ஆன்' என்பதிலிருந்து 'எ', 'ஆன்' பிறந்தன. வேற்றுமைப் பொருள்களை முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் ஏற்றன. பெயரடை பெயருக்கு முன்னே நிற்பது உறுதிப்பட்டது. பிரெஞ்சுச் சட்டவழக்கிலிருந்து வந்த 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷியல்' போன்ற சில தொடர்களில் அடை பின்னே நிற்கிறது.

பெயரடை தனித்து நின்று பெயராகும் முறையும் மாறியது. 'செ பிளிண்டா' என்றால் பார்வையற்ற ஆண் ஒருவன் என்பதை விகுதியே உணர்த்தியது. விகுதி போனபின் 'தி பிளைண்ட்' என்பது பார்வையற்றோர் என்ற பொதுப் பன்மையையே குறிக்கலாயிற்று. ஒருமைக்குப் பெயரடையின் பின் 'ஒன்' என்ற சொல்லைத் துணைக்குச் சேர்க்கும் வழக்கம் வளர்ந்தது.

வினையடையிலும் இதன் விளைவு தெரிகிறது. பெயரடையோடு 'எ' சேர்த்து வினையடை ஆக்குவது பழைய முறை. அந்த 'எ' மறைந்ததால் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சொற்கள் இரண்டு வகைக்கும் பொதுவாயின. வேறுபாடு வேண்டிய இடங்களில் 'லிச்செ' என்ற பழைய விகுதியிலிருந்து வந்த 'லி' பரவியது. 'ஃபிரெண்ட்லி' இன்றும் பெயரடையாகவே இருப்பதற்குக் காரணம், அந்த விகுதியின் மூலமான 'லிச்' பெயரடைகளை ஆக்கியதுதான்.

ஒப்பீடு

எஞ்சிய விகுதிகள் ஒப்பீட்டு விகுதிகளே. பழைய 'ரா', 'ஒஸ்ட்' என்பவை 'எர்', 'எஸ்ட்' ஆயின. 'ஓல்ட்' என்பதற்கு 'எல்டர்', 'எல்டஸ்ட்' என வரும் உயிர்மாற்றம் ஒரு பழைய ஒலித்திரிபின் எச்சம். 'குட்', 'பெட்டர்', 'பெஸ்ட்' வரிசையில் பிந்திய இரண்டும் வேறு வேரிலிருந்து வந்தவை. 'நியர்' என்பது முதலில் ஒப்பீட்டு வடிவம், 'நெக்ஸ்ட்' அதன் உச்ச வடிவம். அது மறந்துபோனதால் 'நியரர்' என இன்னொரு விகுதி ஏறியது.

13ஆம் நூற்றாண்டு முதல் 'மோர்', 'மோஸ்ட்' என்ற தனிச்சொற்களால் ஒப்பிடும் முறை பெருகியது. பிரெஞ்சும் லத்தீனும் தந்த நீண்ட பெயரடைகளுக்கு அது பொருந்தியது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு முறைகளையும் ஒரே சொல்லில் அடுக்குவது இயல்பு. 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் அதைப் பிழை என்று விலக்கினர். இன்று ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் விகுதியையும் மூவசையும் அதற்கு மேலும் உள்ளவை 'மோர்', 'மோஸ்ட்' என்பவற்றையும் ஏற்கின்றன. ஈரசைச் சொற்களில் இரண்டும் உண்டு.

இலக்கண நூல்களில் பெயரடை

கிரேக்க, லத்தீன் இலக்கணங்களில் பெயரடை தனிச்சொல்வகை அன்று. பெயரைப் போலவே திரிந்ததால் அது பெயரின் உட்பிரிவாயிற்று. 6ஆம் நூற்றாண்டின் பிரிஸ்கியன் கொண்ட இந்தப் பார்வை, 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் ஆணையால் இங்கிலாந்துப் பள்ளிகளில் புழங்கிய, வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணத்திலும் தொடர்ந்தது. தனித்து நிற்கும் பெயர், வேறொரு சொல்லைச் சார்ந்து நிற்கும் பெயர் என அந்நூல் பிரித்தது. ஆங்கிலப் பெயரடையோ அதற்குள் பெயர்போலத் திரிவதை விட்டிருந்தது. ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணமும் லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணமும் சொற்களை ஒன்பது வகையாக்கி, பெயரடைக்குத் தனியிடம் தந்தன.

20ஆம் நூற்றாண்டில் சொல் நிற்கும் இடம் முதன்மை அளவுகோலாயிற்று. ராண்டால்ஃப் குவர்க் முதலியோர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் நான்கு இயல்புகளைச் சோதிக்கிறது: பெயருக்கு முன் வருதல், பயனிலையில் வருதல், 'வெரி' என்பதை ஏற்றல், ஒப்பீடு பெறுதல். முதல் இரண்டும் பொருந்துவன மையப் பெயரடைகள், அவ்விரண்டில் ஒன்று மட்டும் பொருந்துவன விளிம்பு நிலையின. விளிம்பில் நிற்கும் சொற்கள் சிலவற்றுக்கு அவற்றின் பிறப்பே காரணம். 'அஸ்லீப்', 'அலைவ்' இரண்டும் 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லும் பெயரும் இணைந்து உருவானவை. பெயருக்கு முன்னே அவை வராமல் பயனிலையிலேயே நிற்பது அதனால்தான். மாறாக, 'வெளி' எனப் பொருள்படும் சொல்லின் பழைய ஒப்பீட்டு வடிவமான 'அட்டர்', இன்று முழுமையைக் குறிக்கும் அடையாகப் பெயருக்கு முன்னே மட்டும் வருகிறது, பயனிலையில் வருவதில்லை.