7.5 மில்லி ரத்தம்

"இந்த மருந்து எனக்குக் கேக்குமா டாக்டர்?"

வண்ணாரப்பேட்டையை ஒட்டி நிற்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் சுவர்கள் இந்தக் கேள்வியை எத்தனை லட்சம் முறை கேட்டிருக்குமோ! 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும்.

காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிறவர் இப்படிக் கேட்டால் பிரச்னை இல்லை. மூன்று நாளில் பதில் தெரிந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி ஏற்றிக்கொள்ளப் போகிற பெண் கேட்டால்? பதில் தெரிய வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்கள். அதற்குள் தலைமுடி கொட்டியிருக்கும். வாந்தியும் வாய்ப்புண்ணுமாக உடம்பு பாதியாகியிருக்கும். எம்.சி. ரோடு துணிக்கடையில் நின்று விற்கிறவர் என்றால் அத்தனை நாள் சம்பளமும் போயிருக்கும். கடைசியில், 'கட்டி கரையலைம்மா, வேற மருந்து பார்க்கலாம்' என்றால் எப்படி இருக்கும்?

கொஞ்சம் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, மருந்து கேட்குமா கேட்காதா என்று முதலிலேயே சொல்லிவிட முடியாதா? இந்தக் கேள்வியின் கதையில் நம்ம மெட்ராஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். படித்தது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். சிறிது காலம் மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பாஸ்டனில் வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்டது என்ன தெரியுமா? ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறை. 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்று உலகம் முழுக்க மாணவர்கள் படித்தார்கள். ஆக, நம் கதாநாயகர் உலகத்துக்குக் கொடுத்த முதல் பரிசே ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

இரண்டாவது பரிசு இன்னும் பெரியது. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. செல் பெருக வேண்டுமானால் இந்தச் சத்து வேண்டும். அப்படியானால், இதே மாதிரி இருக்கும் ஒரு போலியைக் கொடுத்து ஏமாற்றினால்? புற்றுநோய் செல் பட்டினி கிடந்து சாகாதா? அமினோப்டெரின் என்ற அந்தப் போலி, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டரின் கைக்குப் போனது. ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேர் தேறினார்கள்! படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள்.

1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. தலைப்பின் முதல் வார்த்தையே 'தற்காலிக' என்பதுதான். ஆமாம், நோய் திரும்பி வந்தது. அதே மருந்தை மறுபடி கொடுத்தால் கேட்கவில்லை. கீமோதெரபி கிட்டத்தட்டப் பிறந்த அன்றே, அதை எதிர்த்து நிற்கும் செல்லும் கூடவே பிறந்துவிட்டது. அந்த வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53.

அதே 1948-ல், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மாண்டெல், மெத்தே என்ற இரண்டு பேர் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள்தான் இருக்கும் என்று நினைத்த டி.என்.ஏ. போன்ற பொருள்கள், ரத்தத்தில் தனியாகவும் மிதக்கின்றன. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மருந்தின் கதையும் ரத்தத்தின் கதையும் ஒரே வருடத்தில் தொடங்கின. இரண்டும் சந்திக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். அதையும் வேறு இரண்டு மருந்துகளையும் கலந்து, மார்பக அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்குக் கொடுத்தார் இத்தாலியின் பொனடோனா. 1976-ல் முடிவு வந்தது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பெற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். மெட்ராஸில் கதர் உடுத்தியதற்காகப் பட்டம் மறுக்கப்பட்டவரின் வேலை, மிலன் நகரத்துப் பெண்களின் உயிரைக் காத்தது.

சரி, அந்த ஐந்து பேருக்கு ஏன் கேட்கவில்லை?

அதே 1976-ல் கனடாவில் ஒரு காரணம் கிடைத்தது. காசிமேட்டு விசைப்படகில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வார்கள்? பம்ப் போட்டு வெளியே தள்ளுவார்கள். சில புற்றுநோய் செல்களும் அதையே செய்கின்றன. செல்லின் மேலுறையில் ஒரு புரத பம்ப். உள்ளே வரும் மருந்தை வாரி வெளியே கொட்டிவிடும். இது ஒரு தந்திரம்தான். மருந்தை உள்ளேயே விடாதது, மருந்து அடைக்கும் என்சைமை ஏராளமாகத் தயாரித்துக்கொள்வது என்று இன்னும் பல. ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி வேறுபடும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் தேடினார்கள். புற்றுநோய் செல்கள் கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் சுற்றுகின்றன. ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற டாக்டர் 1869-லேயே அதைப் பார்த்திருக்கிறார். 2004-ல் அதை எண்ணிக் காட்டினார்கள். நோய் பரவிவிட்ட 177 பெண்கள். ஒன்றரை ஸ்பூன் ரத்தம், அதாவது 7.5 மில்லி. அதில் ஐந்து அல்லது அதற்கு மேல் புற்றுநோய் செல்கள் இருந்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. சிகிச்சை தொடங்கிய பிறகும் எண்ணிக்கை இறங்காவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அப்பாடா, கிடைத்துவிட்டதே! உடனே மருந்தை மாற்றிவிடலாமே?

இங்கேதான் விஞ்ஞானம் தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் 595 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு. முதல் தவணைக் கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காத 123 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்கு உடனே புது மருந்து. 2014-ல் முடிவு வந்தது. ஆயுளில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ரத்தம் சொன்ன சேதி சரி. ஆனால் ஒரு கீமோவுக்கு அடங்காத செல் அடுத்த கீமோவுக்கும் அடங்கவில்லை. வீடு எரிகிறது என்று மணி அடித்தால் மட்டும் போதுமா, அணைக்கத் தண்ணீர் வேண்டாமா?

1948-ல் யாரும் கண்டுகொள்ளாத அந்த மிதக்கும் டி.என்.ஏ.வும் திரும்பி வந்தது. 2013-ல் நோய் பரவிய 30 பெண்களைப் பரிசோதித்ததில் 29 பேர் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. கிடைத்தது. 2025-ல் இன்னொரு ஆய்வு. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத மாற்றம் ரத்தத்தில் தெரிந்தவுடனே, ஸ்கேனுக்குக் காத்திராமல் மருந்தை மாற்றினார்கள். நோய் முற்றுவது பல மாதம் தள்ளிப்போனது. அங்கே மாற்று மருந்து கையில் இருந்தது. கீமோவுக்கு அப்படி ஒரு பதில் இன்னும் வரவில்லை.

இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கையோடு தொடங்கியது. சென்னையின் புற்றுநோய்க் கணக்கை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வைத்திருக்கிறது. அன்று பெண்களிடம் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. இன்று மார்பகப் புற்றுநோய்க்கு.

ஆகவே, 'ஒரே ரத்தப் பரிசோதனையில் கீமோ கேட்குமா என்று சொல்லிவிடுகிறோம்' என்று எந்த லேப் விளம்பரமாவது ஆசை காட்டினால், பணம் கட்டும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சி.ஏ. 15-3 என்ற பரிசோதனை பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில், மருந்து நன்றாக வேலை செய்யும்போதுகூட அந்த அளவு சிலருக்கு ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் சிகிச்சையை விடுவதுதான் ஆபத்து. எந்த மருந்து கேட்கும் என்பதற்கு இன்று பெரிதும் நம்பப்படுவது, கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்யும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனைகள்தான். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினாலும் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.