சிப்புக்கும் சீப்பு வேண்டும்

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை, 2014-ல் கதவைச் சாத்தியது. பாகங்களைக் கோத்து போன் செய்தது நாம். உள்ளே இருந்த சிப்பை எழுதியது வேறு யாரோ!

ஆமாம், சிப்பையும் எழுதத்தான் வேண்டும். 1980-களில் அமெரிக்காவில், பிரபு கோயலின் கேட்வே நிறுவனத்தில் பிறந்த மொழி வெரிலாக். வரிகள் கோணல்மாணலாக இருந்தாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. படிக்கிற மனுஷனுக்குத்தான் தலை சுற்றும். தப்பு கண்ணில் படாது. சிலிக்கானில் ஏறிவிட்டால் அழிக்கவா முடியும்?

அதற்குத்தான் சீப்பு மாதிரி சில மென்பொருள்கள். கூகுளில் உருவான 'வெரிபிள்', அர்த்தத்தைத் தொடாமல் வரிகளை மட்டும் வாரிவிடும்.

2018-ல் சிப்பாக வந்த சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி', ப்ளூஸ்பெக் மொழியில் எழுதி வெரிலாக்குக்கு மாற்றப்பட்டது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம். ஆலை போய்விடலாம்; நேராக எழுதப் பழகிய கை எங்கேயும் போகாது.