இத்தாலியும் அயலாரும்



ஒரு நாட்டில் அயலான் என்பவன் யார்? எல்லைக்கு அப்பால் பிறந்தவன் என்று நீங்கள் எளிதில் விடை கூறிவிடுவீர்கள். சட்டத்திற்கு அவ்விடை போதும், வரலாற்றுக்குப் போதாது. யாரை அயலான் என்று சுட்டுவது என்பது காலத்திற்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அம்மாற்றத்தில் அரசியல் கட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதனை விளக்க இத்தாலியைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. 2018 ஜூன் முதல் 2019 செப்டம்பர் வரை, பதினைந்து மாதங்களே அங்கு நடைபெற்ற ஒரு கூட்டணி ஆட்சியைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

மாசினி, கரிபால்டி, கவூர் ஆகிய மூவரையும் படித்து, 1861இல் இத்தாலி ஒன்றுபட்டது என்று எழுதி நாம் மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஒன்றுபட்ட அந்நாட்டின் ஏழை உழவர்க்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதற்கு நான் கற்பித்த பாடநூல்களில் இடமிருந்ததில்லை. 1876 முதல் நூறாண்டுக் காலத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இத்தாலியர் பிழைப்புத் தேடி வெளிநாடு சென்றனர். சென்ற இடமெல்லாம் அவர்களே அயலார். 1891இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், காவல்துறைத் தலைவர் ஒருவரின் கொலையைச் சாக்காகக் கொண்டு, ஒரு பெருங்கூட்டம் சிறையை உடைத்துப் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. நீதிமன்றம் அவர்களுள் எவரையும் குற்றவாளி என்று தீர்த்திருக்கவில்லை. ஈராண்டு கழித்து, பிரான்சின் தென்கரையிலுள்ள எக்மோர்த் என்னும் ஊரின் உப்பளங்களில், வேலைக்கு வந்த இத்தாலியரை உள்ளூரார் அடித்துக் கொன்றனர். குறைந்த கூலிக்கு உழைத்து எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பதே அவர்கள்மேல் சாட்டப்பட்ட பழி. 1956இல் பெல்ஜியத்தின் மார்சினெல் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி 262 பேர் மாண்டனர். அவர்களுள் 136 பேர் இத்தாலியர். அவ்வேழைகளின் பேரப்பிள்ளைகள் வாக்களித்ததே 2018ஆம் ஆண்டுத் தேர்தல் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி வேறொரு செய்தி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், தென்னித்தாலியர் பல இலட்சம் பேர் தூரின், மிலான் முதலிய வடநகரங்களின் ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். ஒரே நாடு, ஒரே சமயம், ஒரே கொடி. ஆயினும் தெற்கத்தியருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்ற அறிவிப்புகள் அங்கே தொங்கின. மண்ணைக் கிண்டுபவர் என்னும் பொருள்பட அவர்களை இழித்துரைக்கும் சொல் ஒன்று இன்றும் அந்நாட்டு வழக்கில் இருக்கிறது. இவ்வெறுப்பைக் கட்சியாக்கியவர் உம்பெர்த்தோ பாசி. அவர் தலைமையில் வடக்கு லீக் என்னும் கட்சி 1991இல் அமைந்தது. வடக்கின் வரிப்பணத்தை ரோம் நகரம் சுரண்டித் தெற்குக்கு வாரி இறைக்கிறது என்பதே அதன் முறையீடு. 1996இல் பாசி, போ ஆறு பிறக்கும் மலையிலிருந்து நீர் எடுத்துச் சென்று வெனிஸ் நகரில் ஊற்றி, அவ்வாற்றுச் சமவெளியைப் பதானியா என்னும் தனிநாடாக அறிவித்தார். அந்நாடு எந்தப் படத்திலும் ஏறவில்லை, கட்சி நிலைத்தது.

2013இல் மத்தேயோ சல்வீனி அக்கட்சியின் தலைவரானார். வடக்கில் மட்டும் வாக்குப் பெற்று நாட்டை ஆள இயலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கட்சியின் பெயரிலிருந்து ‘வடக்கு’ என்னும் சொல் பையப் பைய உதிர்ந்தது. ‘முதலில் வடக்கு’ என்றிருந்த முழக்கம் ‘முதலில் இத்தாலியர்’ என்றாயிற்று. நேற்றுவரை அயலானாயிருந்த தெற்கத்தியான் இன்று உறவினனானான். அவன் இருந்த இடத்தில் ஆப்பிரிக்கன் நிறுத்தப்பட்டான்.

இத்தாலியரின் மனக்குறை முழுதும் கற்பனை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அந்நாடு நெடுங்காலம் தலையெடுக்கவில்லை. 2014இல் வேலை தேடிய இளைஞருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் வேலையற்றிருந்தனர். 2013 அக்டோபரில் லாம்பெதூசாத் தீவின் அருகே ஒரு படகு தீப்பற்றிக் கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் மூழ்கினர். அதன்பின் இத்தாலியக் கடற்படை ஓராண்டுக் காலம் பல்லாயிரவரைக் கரை சேர்த்தது. ஐரோப்பிய விதியோ, அடைக்கலம் நாடுவோர் முதலில் கால்வைத்த நாடே அவர்கள் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறது. பிற நாடுகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள முன்வரவில்லை. 2016இல் மட்டும் ஏறத்தாழ 1,81,000 பேர் கடல்வழியே வந்திறங்கினர். குறை உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட மருந்தே ஆராயத்தக்கது.

2018 பிப்ரவரியில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, மாசெராத்தா என்னும் நகரில் ஒருவன் வண்டியில் சுற்றிவந்து, தோல் நிறம் ஒன்றையே கண்டு, ஆப்பிரிக்கர் அறுவரைச் சுட்டுக் காயப்படுத்தினான். அவன் முந்திய ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் லீக் கட்சியின் வேட்பாளனாக நின்றவன். அச்செயலைக் கட்சித் தலைவர்கள் ஏற்கவில்லை; ஆனால் பழியின் ஒரு பகுதியைக் கட்டுப்பாடற்ற குடியேற்றத்தின்மேல் சுமத்தினர்.

மார்ச்சு 4ஆம் நாள் நடந்த தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ 2009இல் தொடங்கிய ஐந்து விண்மீன் இயக்கம் நூற்றுக்கு 32 வாக்குக்கு மேல் பெற்றது. அதன் வலிமை தெற்கில். லீக் 17க்குச் சற்று மேல் பெற்றது. அதன் வலிமை வடக்கில். முன்னது ஏழைக்கு உதவித்தொகை தருவோம் என்றது. பின்னது வரியைக் குறைப்போம் என்றது. இவ்விரண்டையும் இணைத்தது, ‘நாங்களே மக்கள், மற்றையோர் மேட்டுக்குடியினர்’ என்னும் பேச்சு. வெகுசனவாதம் என்று அறிஞர் கூறுவது இதனையே. இரு கட்சிகளும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. அவை முன்மொழிந்த நிதியமைச்சரைக் குடியரசுத் தலைவர் மத்தரெல்லா ஏற்க மறுத்துப் பெரும் சலசலப்பு எழுந்தது. முடிவில், ஜூன் 1 அன்று, அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாத சட்டப் பேராசிரியர் ஜூசெப்பே கோன்டே பிரதமரானார். ஐந்து விண்மீனின் லூயிஜி டி மாயோவும் சல்வீனியும் துணைப் பிரதமர்கள். உள்நாட்டு அமைச்சு சல்வீனியிடம்.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். உதவித்தொகைக்கும் வரிக்குறைப்புக்கும் பணம் வேண்டும். பற்றாக்குறை 2.4 விழுக்காடு என்று அவர்கள் எழுதிய வரவுசெலவுத் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் திருப்பி அனுப்பியது. பேரம் பேசி 2.04 என்று திருத்தி எழுதினர். பள்ளிப் பிள்ளைகள் நடுவில் ஒரு சுழியம் சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பது எனக்கு நினைவுக்கு வந்தது! துறைமுகத்தை மூடுவதற்கோ பணம் வேண்டாம். ஆட்சி அமைந்து பத்தாவது நாளே, கடலில் மீட்கப்பட்ட 629 பேரோடு வந்த அக்வேரியஸ் என்னும் கப்பலுக்கு இத்தாலியத் துறைமுகம் மறுக்கப்பட்டது. அவர்களுள் 123 பேர் பெற்றோர் துணையற்ற சிறுவர். ஒரு வாரம் கழித்து அவர்கள் இசுபானியாவின் வலென்சியாவில் கரையேறினர். ஆகஸ்டில், இத்தாலியக் கடலோரக் காவற்கப்பலே 177 பேரோடு கத்தானியாத் துறைமுகத்தில் பல நாள் நிறுத்திவைக்கப்பட்டது.

ஆண்டுக் கணக்கு வேறொன்று சொல்லுகிறது. வருவோர் தொகை 2017இல் 1,19,000ஆகவும், 2018இல் 23,000ஆகவும் குறைந்தது. அவ்வீழ்ச்சி 2017 கோடையிலேயே, முந்திய அரசு லிபியாவுடன் செய்த உடன்பாட்டின் பின், தொடங்கிவிட்டது. ஆகவே அலை ஓய்ந்த பின்னரே அச்சம் உச்சம் அடைந்தது என்பது என் கருத்து.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனிதநேய அடிப்படையில் அளிக்கப்பட்டுவந்த பாதுகாப்பை அது நீக்கிற்று. அடைக்கலம் வேண்டி விண்ணப்பித்தவரை ஊர்ப் பதிவேட்டில் சேர்த்தல் ஆகாது என்றும் விதித்தது. பதிவேட்டில் பெயரில்லாதவன் மருத்துவத்துக்கும் வேலைக்கும் படும்பாடு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2019 சனவரியில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரத் தலைவர் லெயோலூகா ஓர்லாண்டோ, இவ்விதியைத் தம் நகரில் நிறைவேற்ற வேண்டாம் என்று அலுவலர்க்கு ஆணையிட்டார். அந்நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1983ஆம் ஆண்டுக் கொடுமைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்கு வேரூன்றி வாழ்கின்றனர். சைவரும் கிறித்தவரும் ஒருங்கே, அந்நகரின் காவலரான ரோசலியா அம்மையின் மலைக்கோயிலுக்கு ஏறிச் செல்கின்றனர்.

இத்தாலிய அரசமைப்பு 1948இல் நடைமுறைக்கு வந்தது. பாசிச ஆட்சியில் நாடுகடத்தப்பட்டு அயல்மண்ணில் அடைக்கலம் புகுந்தோர் சிலரும் அதனை எழுதியவர்களுள் இருந்தனர். தன் நாட்டில் உரிமை மறுக்கப்பட்ட அயலானுக்கு அடைக்கலம் பெறும் உரிமை உண்டு என்று அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. 2020 ஜூலையில் அரசமைப்பு நீதிமன்றம், பதிவேட்டுத் தடை சமத்துவத்திற்கு மாறானது என்று கூறி அதனை நீக்கியது. அத்தீர்ப்பு வந்தபோது அவ்வாட்சி இல்லை.

ஆட்சி வீழ்ந்த வகையும் அறியத்தக்கது. கப்பலைத் தடுத்த வழக்கில் சல்வீனியை விசாரிக்கலாமா என்ற கேள்வி செனட்டுக்கு வந்தபோது, ஐந்து விண்மீன் இயக்கம் தன் உறுப்பினரிடம் கணினி வழியே வாக்கெடுத்தது; நூற்றுக்கு 59 பேர் விசாரணை வேண்டாம் என்றனர். சலுகைகளை ஒழிக்கவே வந்த இயக்கம், கூட்டாளியைக் காக்கச் சலுகையைப் பயன்படுத்திற்று. 2019 மே மாத ஐரோப்பியத் தேர்தலில் லீக் 34 பெற்றது. ஐந்து விண்மீன் 17க்கு இறங்கியது. ஓராண்டில் இருவர் எண்களும் இடம் மாறிவிட்டன. ஆகஸ்டில் சல்வீனி, தனித்து ஆளும் நம்பிக்கையில் கூட்டணியை முறித்தார். அவர் எதிர்பார்த்த தேர்தல் வரவில்லை. கோன்டே வேறு கட்சியோடு சேர்ந்து மறுபடியும் பிரதமரானார். மற்றொரு கப்பல் வழக்கில் விசாரிக்கப்பட்ட சல்வீனியை, 2024 டிசம்பரில் பலேர்மோ நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது.

2022 அக்டோபரில் சியார்சியா மெலோனி தலைமையில் அமைந்த அரசும் குடியேற்றத்தைத் தடுப்போம் என்ற வாக்குறுதியோடு வந்ததே. லீக் அதில் ஓர் உறுப்பு. சல்வீனிக்குப் போக்குவரத்துத் துறை. அடுத்த ஆண்டு 1,50,000க்கும் மேற்பட்டோர் கடல்வழி வந்தனர். அதே 2023இல், வயலுக்கும் கட்டட வேலைக்கும் முதியோரைப் பேணவும் ஆளின்றி, மூன்றாண்டுகளில் 4,52,000 அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு நுழைவு அனுமதி அளிப்பதென அவ்வரசு முடிவு செய்தது. பாசி தனிநாடாக அறிவித்த அந்தப் போ ஆற்றுச் சமவெளியின் மாட்டுத் தொழுவங்களில், உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் பாலாடைக்கட்டிக்கு வேண்டிய பாலை நாள்தோறும் வைகறையில் எழுந்து கறப்பவருள் பலர், நம் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர்.