வின்ஸ்லோ: ஒரு குடும்பப் பெயரின் கதை

உடுவில் என்றதும் பெண்கல்வியில் அக்கறை கொண்டோருக்கு நினைவில் எழும் பெயர் ஹரியற் வின்ஸ்லோ. 1824 இல் அவ்வூரில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடக்கிய அமெரிக்க மிஷன் அம்மையார் அவர். அவருடைய கணவர் மிறோன் வின்ஸ்லோவை, 1862 இல் சென்னையில் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியினால் தமிழுலகம் அறியும். இந்த வின்ஸ்லோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்சயரில் வின்ஸ்லோ என்றொரு சிறு பட்டினம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'வினெ' என்பது ஓர் ஆளின் பெயர். நண்பன் என்பது அதன் பொருள். 'லோ' என்பது மேடு, சிறப்பாக இறந்தோரைப் புதைத்த மேடு. ஆகவே 'வினெயின் மேடு' என்பதே அவ்வூரின் பெயர். 1086 இல் முதலாம் வில்லியம் மன்னன் எடுப்பித்த நிலக் கணக்கேட்டிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஊரை விட்டுப் போனவரை அயலார் ஊர்ப்பெயரால் அழைத்தனர். நாமும் இணுவில் சின்னத்தம்பிப் புலவர் என்போம். ஆனால் நம்மிடையே அப்பெயர் அவரோடு நின்றுவிடும். இங்கிலாந்திலோ 14 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், தந்தையின் பெயர் பிள்ளைகளுக்கும் இறங்குவது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

1620 இல் மேபிளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற எட்வேட் வின்ஸ்லோ, பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தவர். அவருடைய சகோதரர்களும் அங்கு குடியேற, பெயர் அமெரிக்காவில் வேரூன்றியது.

ஹரியற் அம்மையார் பிறப்பால் வின்ஸ்லோ அல்லர். 1796 இல் கனெற்றிகற் மாநிலத்து நோர்விச்சில் அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் லேத்றொப். அதுவும் ஊர்ப்பெயரே. யோர்க்சயரில் லோதோப் என்ற கிராமம் இருக்கின்றது. 'தோப்' என்பது டேனியர் விட்டுச்சென்ற சொல், சிற்றூர் என்று பொருள்படும். 1819 இல் திருமணத்தோடு லேத்றொப் மறைந்து வின்ஸ்லோ வந்தது. அவருடைய தங்கையர் மூவரும் பின்னர் மிஷன் பணிக்கு வந்தனர். அவர்கள் திருமதி ஹச்சிங்ஸ், திருமதி பெரி, திருமதி செரி ஆயினர். கணவரின் பெயர்களை மட்டும் பார்ப்பவருக்கு, இந்நால்வரும் ஒருதாய் மக்கள் என்பது தெரியவராது.

அம்மையார் 1833 தை மாதத்தில், தமது 36 ஆவது வயதில், உடுவிலில் காலமானார். ஆனால் ஒரு மகளுக்கு ஹரியற் லேத்றொப் வின்ஸ்லோ என்று பெயரிடப்பட்டிருந்தது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கே நடுவில் தங்கியது. அம்மகள் டலஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ், அவருடைய பேரன். ஆகவே நம் உடுவில் அம்மையார் அவருக்குப் பூட்டி. லேத்றொப், வின்ஸ்லோ, டலஸ் என மூன்று பெயர்களைத் தாண்டித்தான் இந்த உறவைக் கண்டுகொள்ள முடிகின்றது.

நமது கதையும் இதுவே. வகுப்பில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு அறிந்த தோழி, இன்று கணவர் பெயரோடு ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இருக்கிறாள். பழைய இடாப்பில் உள்ளவளும் இவளும் ஒருத்தியே என்று அடுத்த தலைமுறைக்கு யார் சொல்வார்? ஆதலால் சங்கப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் தமது இரு பெயர்களையும் எழுதிவைப்போம். நம்மைத் தேடி வரும் பேத்திக்கு அந்த ஒரு வரி போதும்.